மிளகாய்த் தராசில் என் மகன்

பிள்ளைகளே, மிளகாய் வத்தல் நிறுக்கும் தராசில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் மகனை நான் வாரம் ஒரு முறை அப்படித்தான் நிறுத்தேன்.

விருதுநகரில் ஒரு கமிஷன் கடையில் எனக்கு எடை போடுகிற வேலை. காலையில் மூட்டைகள் வந்து இறங்குவதற்கு முன்னால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சரக்குக் கிட்டங்கிக்குப் போய்விடுவேன். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு அது. ஒரு தட்டில் சாக்கை மடித்துப் போட்டு அவனை உட்கார வைப்பேன். மறு தட்டில் கல். வீசைக் கல் போய்க் கிலோக் கல் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முள் நடுவில் வந்து நிற்கப்போகிற நேரம் பார்த்து அவனுக்குத் தும்மல் வரும். மிளகாய் நெடி அப்படி. ஒரு தும்மலுக்குத் தட்டு ஊஞ்சல் போல ஆடும். அவனுக்குச் சிரிப்பு வரும். சிரித்தாலும் ஆடும். மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்றுகொண்டு, “அண்ணாச்சி, இந்தச் சரக்கு அடங்காது. கழிவு போட்டு எழுதிருங்க” என்பார்கள்.

எனக்கு மட்டும் சிரிக்க வராது. அந்த எடை இறங்கினாலும் ஆபத்து. காரணம் இல்லாமல் ஏறினாலும் ஆபத்து. அது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

இவனுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். நல்ல நிறை பிள்ளை. மூன்றாவது வாரத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் சிலர். கண்ணேறு என்றார்கள் சிலர். தண்ணீர் ஊற்றாத செடி மாதிரி வாடிக்கொண்டே வந்து இறந்துபோனான். எதனால் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது மகன் பிறந்து அதே மூன்றாவது வாரத்தில் அதே மாதிரி வாந்தி எடுத்தபோது நாங்கள் யார் பேச்சையும் கேட்கவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினோம்.

அங்கே குழந்தைகளுக்கென்று இருந்த ஒரு டாக்டரம்மா, மூத்தவன் எப்படிப் போனான் என்று கேட்டார். சொன்னோம். “நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?” என்று கேட்டார். ஆமாம், என் அக்கா மகளைத்தான் நான் கட்டியிருந்தேன். எங்கள் பக்கத்தில் அது முறை. உடனே பிள்ளையின் இரத்தத்தை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். அவன் உடம்பில் உப்பு நிற்கவில்லை, சிறுநீரோடு போய்க்கொண்டே இருக்கிறது என்று தெரிந்தது. உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றி ஊசியும் போட்டார்கள். மறுநாள் அவன் அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். என் மனைவி அந்த அழுகையைக் கேட்டுவிட்டுத்தான் முதல் வாய் சோறு தின்றாள்.

அவனுக்கு என்ன குறை என்றால், நம் உடம்பில் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்த மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் சாறு இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய் வேலை சொல்லும். அதற்கு ஹார்மோன் என்று பெயர். உப்பை உடம்பில் நிறுத்தி வைக்கச் சொல்வதும், காய்ச்சல் வந்தால் உடம்பைத் தாக்குப்பிடிக்கச் செய்வதும் அதுதான்.

எங்கள் வீட்டில் என் மனைவியும் என் அக்காவும் தீப்பெட்டி ஒட்டுவார்கள். சிவகாசிக் கம்பெனியிலிருந்து கட்டு வரும். அடிப்பெட்டியை ஒருத்தி ஒட்டினால் மேல்பெட்டியை இன்னொருத்தி ஒட்டுவாள். இப்போது மேல்பெட்டி ஒட்டுகிறவள் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு முழுப்பெட்டி போய்ச் சேராது. சரக்கு எங்கே, சரக்கு எங்கே என்று ஆர்டர் மேல் ஆர்டராக வரும். இங்கே இருப்பவள் பயந்துபோய்த் தனக்குத் தெரிந்த அடிப்பெட்டியையே ஒட்டி ஒட்டிக் குவிப்பாள். வேண்டியது ஒன்றும் இல்லை, வேண்டாதது வீடு நிறைய. என் மகனுடைய சுரப்பியில் நடந்தது இதுதான். அந்த வராத ஆளுக்குப் பதிலாக நாம் மாத்திரை கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஆர்டர் போடுகிறவர் அமைதியாகிவிடுவார். குவிவதும் நிற்கும்.

இந்தக் குறை அவன் பிறக்கும்போதே கொண்டுவந்தது. ஒரே குடும்பத்தில் இரண்டு பக்கமும் மறைந்து கிடந்தது பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். யார் மேலும் குற்றமில்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை என் அக்காவுக்கு நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. மகளைத் தம்பிக்குக் கொடுத்தவள் அவள்தானே.

மாத்திரையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. மாத்திரை குறைந்தால், குவிகிற வேண்டாத சரக்கு பிள்ளையை அவசரமாக வளர்க்கும். நாலு வயதில் ஏழு வயதுப் பையன் மாதிரி நிற்பான். பிறகு எலும்பு சீக்கிரம் முற்றி, வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். மாத்திரை கூடினாலோ முகம் உருண்டு, எடை ஏறி, உயரம் நின்றுவிடும். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒற்றையடிப் பாதை. “நீங்க பாத்துக்கிட்டே இருக்கணும். நான் மதுரையில இருக்கேன், வீட்டுல நீங்கதான் இருக்கீங்க” என்றார் டாக்டரம்மா.

அதனால்தான் தராசு. அதனால்தான் மாதம் ஒரு முறை அவனைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் கரிக்கோடு போட்டது. சில மாதத்துக்கு ஒரு முறை மதுரையில் கையைப் படம் எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். அத்தோடு ஒரு பகல் ஒரு இரவு அவன் கழிக்கிற சிறுநீர் முழுவதையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேண்டாத சரக்கு எவ்வளவு குவிகிறது என்று அதில் தெரியும். விளையாடப் போகிற பையனின் பின்னாலேயே புட்டியோடு ஓடிய என் மனைவியைத் தெருவே பார்த்துச் சிரித்தது. அவள் கவலைப்படவில்லை.

ஒரு முறை அந்தப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த எண்ணெய்த் தரகர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கள்ளிக்குடி தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

“சாம்பிளா அண்ணாச்சி? நல்லெண்ணெய்தானே. கலர் தெளிவா இருக்கே, எந்தச் செக்கு?”

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் என் மகன், “அது என் ஒண்ணுக்கு” என்றான். தரகர் புட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு மதுரை வரும் வரை ஜன்னலையே பார்த்தார். என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் குலுங்கியதில் பக்கத்தில் இருந்த எனக்கும் உட்கார முடியவில்லை.

இன்னும் ஒரு விதி உண்டு. நான் சொல்லப்போகும் கதை அதில்தான் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு பங்காகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். மறுபடியும் எடுத்தால், எது எப்படி இருந்தாலும், ஊசிக்காக மதுரைக்குத் தூக்கி வந்துவிட வேண்டும். நம் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தால் உடம்பு தானாகவே அந்தச் சாற்றைக் கூடுதலாக ஊற வைத்துக்கொள்ளும். இவன் உடம்புக்கு அது முடியாது. காய்ச்சலில் மாத்திரையும் உப்பும் நின்றுபோனால், மூத்தவன் போன வழியில்தான் இவனும் போவான்.

அவனுக்கு நாலு வயது நடக்கும்போது, ஒரு சித்திரை மாதம், எங்கள் தெருவில் சின்னம்மை வந்தது.

அம்மை போட்ட வீட்டில் எங்கள் பக்கம் என்ன செய்வார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வந்திருப்பது நோய் என்று சொல்ல மாட்டார்கள், மாரியாத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அடுப்பில் தாளிக்க மாட்டார்கள். படுத்திருக்கிற பிள்ளைக்கு உப்பு, புளி, காரம் எதுவும் ஆகாது. மருந்து கூடவே கூடாது. வந்தவளை மருந்து போட்டு விரட்டினால் கோபித்துக்கொண்டு போவாள், போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவாள் என்று பயம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் வேப்பிலை தொங்கியது. உப்புச் சாடி வெளியே மதில் மேல் உட்கார்ந்திருந்தது. சாடியின் மூடி மேல் மாத்திரை டப்பா. நிலைப்படியில் அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். 

“கையக் கால கழுவிட்டு உள்ள வாலே. ஆத்தா வந்திருக்கா” என்றாள்.

மத்தியான மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். அந்தப் பேச்சை இப்போது எடுக்காதே என்றாள். காலையிலிருந்து உப்பில்லாத கஞ்சிதான் கொடுத்திருக்கிறாள். நான் டப்பாவை எடுத்தேன். அக்கா எழுந்து வாசலை மறித்துக்கொண்டாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு. மூத்தவனை அவள் மடியில்தான் நாங்கள் பறிகொடுத்தோம். இவனையும் பறிகொடுக்கக் கூடாது என்றுதான் அவளும் மறித்தாள், நானும் டப்பாவை எடுத்தேன்.

உள்ளே பிள்ளை வேப்பிலை மேல் படுத்திருந்தான். உடம்பு தீயாக இருந்தது. கண்ணை மூடியபடி தன் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தான். வியர்வையில் இருக்கிற உப்புக்காக. அவனுக்கு உடம்பில் உப்பு இறங்கினால் அப்படிச் செய்வான் என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அதுவரை அம்மா சொல்லை மீறி ஒரு வார்த்தை பேசியவள் இல்லை.

“அம்மா, அது மருந்தில்ல. காய்ச்சலுக்குன்னா வாங்கிக் கொடுக்கோம்? பெறந்ததுல இருந்து மூணு வேளையும் திங்கிறான். அது அவன் சோறு. ஆத்தா வந்தா பிள்ளைக்குச் சோறும் போடக் கூடாதா?”

அக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், “சோறுன்னா சரி. தெனமும் எம்புட்டோ அம்புட்டுக் கொடு” என்று வழியை விட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அம்புட்டு போதாதே. காய்ச்சலுக்கு இரண்டு பங்கு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா மறுபடி கதவுப் பக்கம் வந்துவிட்டாள்.

“சோத்துக்கு எதுக்குலே ரெண்டு பங்கு? இப்பத் தெரியுது பாரு, அது மருந்துதான்.”

நான் ஒன்றும் யோசித்து வைத்துக்கொண்டு பேசவில்லை. வாயில் வந்தது. “அக்கா, வீட்டுக்கு ஆள் வந்திருக்காகளா இல்லையா? நீயே சொல்றே, ஆத்தா வந்திருக்கான்னு. ஒருத்தனுக்கு வைக்கிற உலையில அவளும் சேந்துல்ல சாப்பிடணும். விருந்தாளி வந்திருக்கையில ஒரு படி கூடப் போட மாட்டியா?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எட்டாப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரியுற. வக்கீலுக்குல்ல படிச்சிருக்கே” என்றாள். ஆனால் கதவை விட்டு விலகிவிட்டாள்.

நான் சாமியை ஏமாற்றுவதற்காக அப்படிப் பேசவில்லை. சொன்ன பிறகு எனக்கே அதுதான் சரி என்று பட்டது. காய்ச்சல் வந்த உடம்பில் செலவு கூடத்தான் செய்கிறது. அதற்குக் கூடத்தான் வேண்டும். டாக்டரம்மா மூன்று தடவை விளக்கியும் முழுசாகப் பிடிபடாதது அந்த மத்தியானம்தான் எனக்குப் பிடிபட்டது.

உப்புக்கு அக்காவே வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொட்டுவார்கள். அக்கா வேகமாக நடந்துபோய்ப் பூசாரியிடம் சொல்லி அந்த உப்பில் இரண்டு கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். “இது அவ வாங்கிக்கிட்ட உப்பு. இதை வேணாம்னு அவளே சொல்ல மாட்டா” என்று கஞ்சியில் தன் கையாலேயே கரைத்தாள்.

இரண்டு பங்கு மாத்திரையைப் பொடித்து இளநீரில் கலந்து கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது.

என் மனைவி வாந்தியைத் துடைத்தாள். நான் மறுபடி பொடித்தேன். அவசரத்தில் பொடி கொஞ்சம் சிந்தியது, அதையும் வழித்து எடுத்தேன். இந்தத் தடவை தேனில் குழைத்து, ஒரு பொட்டு வைத்து, அவன் விழுங்கியதும் இன்னொரு பொட்டு வைத்து என்று கொடுத்தோம். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“இன்னொரு தடவை எடுத்தான்னா நான் தூக்கிக்கிட்டு ரயிலுக்குப் போயிருவேன்” என்று அக்காவிடம் சொன்னேன். அம்மை கண்ட பிள்ளையை எல்லை தாண்டித் தூக்கிப் போவது எங்கள் தெருவில் யாரும் செய்யாத காரியம். ரயிலில் ஏற்றுவார்களா என்பதும் தெரியாது. எது எப்படி இருந்தாலும் என்று டாக்டரம்மா சொன்னதை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்துபோய் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்தாள். வாசலில் கட்டியிருந்த வேப்பிலையில் பாதியை அவிழ்த்துத் துணியில் சுற்றினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதற்கு என்று என் மனைவி கேட்டாள்.

“போறதுன்னா நானும் வாரேன். ஆத்தாளைத் தனியா இங்கன விட்டுட்டா போக முடியும்? அவளையும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

அவன் வாந்தி எடுக்கவில்லை. வெயில் தாழ்ந்தபோது கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். கிண்ணத்தில் இருந்ததை முழுக்கக் குடித்துவிட்டு இன்னும் கேட்டான்.

கொப்புளங்கள் வாடிப் பொருக்குத் தட்டும் வரை இரண்டு பங்கும் உப்பும் தவறவில்லை. நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். அம்மை வீட்டு ஆளை எப்படியும் கிட்டங்கியில் சேர்க்க மாட்டார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றினோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் ஊருக்கு நாங்கள் சுத்தமானோம். இனிமேல் பழைய அளவே போதும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். வத்தல் சீசன். காரியாபட்டிப் பக்கமிருந்து வண்டி வண்டியாகச் சரக்கு வந்து நின்றது. பிள்ளை விழிக்கும் முன் போவேன், தூங்கிய பின் வருவேன். வாரம் ஒரு நாள் அவனைக் கிட்டங்கிக்கு அழைத்துப் போவதை மட்டும் விடவில்லை.

எடை ஏறியது. அடுத்த வாரமும் ஏறியது. மூட்டை தூக்குகிறவர்கள், “சரக்கு இப்பத்தான் அண்ணாச்சி தரத்துக்கு வந்திருக்கு” என்றார்கள். முதலாளி அவன் கன்னத்தைக் கிள்ளினார். தெருவில், ஆத்தா வந்து போனதிலிருந்து பிள்ளை எப்படித் தேறிவிட்டான் பார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். எடை இறங்குவதைப் பார்த்துப் பயந்தே பழகியவனுக்கு ஏறுவதைப் பார்த்துப் பயப்படத் தோன்றவில்லை.

ஆடி பிறந்து கிட்டங்கியில் வேலை குறைந்தபோது ஒரு நாள் அவனைக் கதவு நிலையில் நிறுத்தினேன். சித்திரையில் போட்ட கரிக்கோட்டிலேயே தலை நின்றது. ஒரு நூல்கூட ஏறவில்லை. அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் உள்ளே போய், கன்னம் பந்து மாதிரி உருண்டிருந்தது. வயிறு முன்னால் வந்திருந்தது. காய்ச்சலுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த மாத்திரைப் புட்டியைப் போய்ப் பார்த்தேன். அடி தெரிந்தது.

மனைவியைக் கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஒன்று இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை.

“ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியாத்தா கோயில்ல பொங்கல் வைக்கிறதா அம்மா நேந்திருக்குல்ல மாமா. அது வரைக்கும் ஆத்தா நம்ம வீட்டுலதானே இருக்கா. விருந்தாளி இருக்கிற மட்டும் உலை கூட வைக்கணும்னு நீங்கதானே சொன்னீக.”

நான் சொன்னதுதான். தண்ணீர் ஊற்றினால் ஆத்தா உடம்பிலிருந்து இறங்குவாளே தவிர, நேர்ந்த கடனைச் செலுத்தும் வரை வீட்டை விட்டுப் போக மாட்டாள் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

மறுநாளே மதுரைக்குப் போனோம். அக்காவும் வந்தாள். நாங்கள் நடந்ததைச் சொன்னபோது டாக்டரம்மா திட்டவில்லை. அம்மையில் இரண்டு பங்கு கொடுத்ததால்தான் பிள்ளை இருக்கிறான் என்று முதலில் சொன்னார். பிறகு, இவ்வளவு நாள் கூடுதலாகக் கொடுத்ததில் வளர்ச்சி நின்றிருக்கிறது, இப்படியே விட்டால் ஆள் குட்டையாகவே நின்றுவிடுவான் என்றார். அப்படியானால் இன்றிலிருந்தே பழைய அளவு என்று நான் சொன்னேன். கூடாது என்று கையைக் காட்டினார். கூடுதலுக்குப் பழகிய உடம்பு, சட்டென்று நிறுத்தினால் விழுந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அக்கா அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். பக்கத்தில் வந்து கேட்டாள். “இனிமே காய்ச்சல் வந்தா கூடக் கொடுக்கணும்ல தாயி. வந்த ஆளு போயிட்டாகன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார். “காய்ச்சல் விட்டு, பிள்ளை நல்லா சாப்பிட்டு, ரெண்டு நாள் ஆச்சுன்னா போயாச்சு. அதுக்கு மேல ஒரு வேளைகூட வேண்டாம்.”

அக்கா அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரயிலில் வரும்போது எங்களைப் பார்த்து, “பொங்கல் நம்ம வீட்டுலயா வைக்கோம்? இருக்கன்குடியில. அவ ஊருக்குப் போன பெறகு, அவ வீட்டுக்குப் போயித்தானே வைக்கோம். எனக்கு ஏன் இது தோணாமப் போச்சு” என்றாள். எனக்கும்தான் தோன்றவில்லை.

இறக்கிய வாரங்கள் அம்மை நாட்களைவிடக் கடினமாக இருந்தன. அம்மையில் ஒரு மத்தியானம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும். இது முடிகிற மாதிரியே இல்லை. பிள்ளைக்குச் சோர்வு. எதற்கெடுத்தாலும் அழுகை. நேற்று வரை ஓடியவன் சுருண்டு படுத்துக்கொள்வான். ஒரு பாதி மாத்திரை கூடக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவானே என்று கை போகும். மனைவி என் கையைப் பார்ப்பாள், நான் அவள் கையைப் பார்ப்பேன். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம். வாந்தி இருக்கிறதா, கையை நக்குகிறானா என்று பார்ப்போம். இல்லையென்றால் எழுதிக் கொடுத்த அளவுதான். மாத்திரை டப்பாவை அக்கா தன் இடுப்பில் முடிந்துகொண்டாள். வேளைக்கு அவளே எடுத்துக் கொடுத்தாள். யார் கெஞ்சினாலும் அவிழ்க்கவில்லை, பேரன் கெஞ்சினாலும்.

கன்னம் வற்றத் தொடங்கியது. தெருவுக்கு அது பிடிக்கவில்லை. தீப்பெட்டிக் கட்டு வாங்க வந்த ஒரு பெண், நான் இருப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, நன்றாக இருந்த பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப் போய் இப்படி மெலிய வைத்துவிட்டார்களே என்றாள். ஆத்தா கொடுத்த உடம்பை டாக்டர் பிடுங்கிக்கொண்டாராம். பெற்றவர்களுக்கு மனசே இல்லையாம். என் மனைவி பசைக் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அக்கா ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“மெலியட்டும்த்தா. என் பேரன் என்ன சாமிக்கு நேந்துவிட்ட கெடாவா, ஊரு பாத்துச் சந்தோசப்பட? அவன் நெடுக வளரணும். உனக்குக் கொழுகொழுன்னு பாக்கணும்னா உன் வீட்டுக்காரரைப் பாத்துக்க.”

அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் கணவர் எங்கள் தெருவிலேயே பெரிய தொந்திக்காரர். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அக்கா அடுத்த பெட்டியை எடுத்தாள். சாயங்கால மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. இடுப்பு முடிச்சை அவிழ்த்து, அன்றைய அளவை எடுத்து, மறுபடி முடிச்சை இறுக்கிவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டாள்.